வெயில் இருக்கும்போதே

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் வந்த வினை என்று பின்னர் அறிந்தோம். அந்தச் செய்தியைக் கேட்டு நாடே சிரித்தது. எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் உம்மம்மாவுக்கு இழுப்பு வருத்தம் இருக்கிறது. அன்று காலையிலிருந்தே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. நெபுலைசரில் மருந்து ஊற்றி முகமூடியை மாட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மெஷின் நின்றுவிட்டது. வெளியே புத்தளத்து வெயில் கண்ணைக் கூசவைத்தது. எங்கள் கூரையில் 5 கிலோவாட் சோலார் பெனல்கள் அந்த வெயிலைக் குடித்துக்கொண்டு கிடந்தன. ஆனால் வீட்டுக்குள் ஒரு மின்விசிறிகூடச் சுழலவில்லை.

சரி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம் என்று உம்மா கார்ச் சாவியை எடுத்தார். எங்களுடையது மின்சாரக் கார். வைத்தியசாலை 18 கிலோமீற்றர். காரில் இருந்த சார்ஜ் 12 கிலோமீற்றருக்குத்தான் போதும் என்று திரை காட்டியது. முதல்நாள் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கே ஒரு கலியாண வீட்டிலிருந்து திரும்பியிருந்தோம். “இரவைக்குப் போடலாம்” என்று விட்டோம். இரவு களைப்பில் எல்லோரும் தூங்கிவிட்டோம். கடைசியில் பக்கத்து வீட்டு மாமாவின் பெற்றோல் முச்சக்கர வண்டியில்தான் உம்மம்மா போனார். அல்ஹம்துலில்லாஹ், மாலையில் சுகமாகி வீடு திரும்பினார்.

கூரையில் சூரியன், வாசலில் கார், இரண்டும் இருந்தும் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்த அரை மணித்தியாலத்தை என்னால் மறக்க முடியவில்லை. பிழை எங்கே என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் எனக்கு உறுதியாகிப்போன ஒரு கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். சோலார் போட்ட வீட்டில் மின்சாரக் காரைப் பகலில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். பெட்டரி வாங்குவதானால் அது வீட்டின் இரவுக்காக இருக்க வேண்டும், காருக்காக அல்ல.

முதலில் நாங்கள் இந்த நிலைக்கு வந்த கதை. 2022ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் தரத்தில் இருந்தேன். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோல் வரிசையில் வாப்பா இரண்டு இரவுகள் படுத்துக் கிடந்தார். உம்மா ஆசிரியை. போய்வர 40 கிலோமீற்றர் ஓட வேண்டும். எண்ணெய் இல்லாமல் பாடசாலைகளே மூடப்பட்ட காலம் அது. “இனி எண்ணெய்க்காக ஒருவர் முன்னாலும் நிற்க மாட்டேன்” என்று வாப்பா அன்று சொன்னார். 2023இல் ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கினார். அதே வருடம் கூரையில் சோலாரும் ஏறியது. அதைப் பொருத்த வந்தவர், “இனி உங்களுக்குக் கரண்ட் பிரச்சினையே இல்லை” என்றார். நாங்கள் அதை எங்கள் வசதிக்கு விளங்கிக்கொண்டோம்.

உண்மை என்னவென்றால், சாதாரணமாக வீடுகளில் பொருத்தப்படும் சோலார் இன்வர்ட்டர், தெருக் கம்பியில் மின்சாரம் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். கம்பியில் மின்சாரம் நின்ற மறுகணம் அது தானாகவே அணைந்துவிடும். அது பழுது அல்ல, பாதுகாப்பு. மின்கம்பத்தில் ஏறித் திருத்தும் ஊழியர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைக்கிறார். அந்த நேரம் எங்கள் கூரையிலிருந்து மின்சாரம் அவர் கைக்குப் போகக்கூடாது அல்லவா? ஆகவே பெட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் இல்லாத வீடு, எவ்வளவு வெயில் அடித்தாலும் மின்வெட்டில் மற்ற வீடுகளைப் போலவே இருண்டுதான் கிடக்கும். இதை எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாவது பிழை எங்கள் பழக்கம். மின்சாரக் காரை நாங்கள் கைத்தொலைபேசியைப் போல் நினைத்துவிட்டோம். நாள் முழுக்கப் பாவித்துவிட்டு, படுக்கப் போகும்போது செருகுவது. பௌதிகவியல் ஒப்படைக்காக ஒரு மாதம் குறிப்பெடுத்தேன். அந்த மாதத்தில் கார் 24 முறை சார்ஜ் செய்யப்பட்டிருந்தது. அதில் 21 முறை மஃரிபுக்குப் பிறகு. அதாவது சூரியன் மறைந்த பிறகுதான் எங்கள் “சூரியக் கார்” மின்சாரம் குடித்திருக்கிறது!

இதை வாப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “பில்லைப் பாருங்க மகள். பகல்ல நாம அனுப்புறோம், இரவுல திருப்பி எடுக்குறோம். கணக்குச் சரி. கரண்ட் போர்டுதான் நமக்குப் பெட்டரி” என்றார். எங்கள் இணைப்பு, அனுப்பிய அலகுகளைப் பாவித்த அலகுகளிலிருந்து கழிக்கும் முறையிலானது. வாப்பா சொன்னது பில்லைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. எங்கள் கூரை நாளொன்றுக்குச் சராசரியாக 18 அலகு தருகிறது. வீட்டுக்கு 8 அலகு, காருக்கு 7 அலகு. மாத முடிவில் கணக்கு எங்கள் பக்கமே நிற்கும்.

ஆனால் தாளில் இருக்கும் கணக்கு வேறு, கம்பியில் ஓடும் மின்சாரம் வேறு. நாங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு அனுப்பிய அலகை யாரும் எங்கள் பெயர் எழுதி ஒரு பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அது அந்த நொடியிலேயே எங்கோ ஒரு வீட்டில் செலவாகிவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு எங்கள் காருக்குள் போவது அப்போது எங்கோ உற்பத்தியாகும் வேறொரு அலகு. நமது நாட்டில் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரைதான் உச்ச நேரம். எல்லா வீடுகளிலும் விளக்கு, தொலைக்காட்சி, சமையல், அயன் என்று பாரம் ஏறும். அந்தப் பாரத்தைத் தாங்க நீர் மின்சாரம் மட்டும் போதாது. நிலக்கரியும், விலை கூடிய எண்ணெயில் ஓடும் நிலையங்களும் சேர்ந்தே இழுக்கின்றன. 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கற்பிட்டி வீதியில் போகும்போதெல்லாம் அதன் புகைபோக்கியைப் பார்க்கிறோம். எங்கள் காரும் அந்தப் புகையில் ஒரு பங்கு வாங்கியிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள எனக்குச் சங்கடமாக இருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பகலில் எல்லாக் கூரைகளும் சேர்ந்து அனுப்பும் மின்சாரமே இப்போது சுமையாகத் தொடங்கிவிட்டது. பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் ஓய்ந்திருக்க, தேவை குறைந்திருந்தது. சூரிய மின்சாரத்தின் பங்கோ கூடியிருந்தது. அடி தாங்கக்கூடிய பெரிய சுழலிகள் குறைவாக ஓடிய அந்த வேளையில் ஒரு சிறு தட்டலே முழு வலையமைப்பையும் சாய்த்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார்களைப் பிற்பகல் மூன்று மணி வரை அணைத்து வைக்குமாறு மின்சார சபை வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டது. வெயிலை வேண்டாம் என்று சொல்லும் நிலை! அதே நாட்களிலும் எத்தனை மின்சாரக் கார்கள் பகல் முழுவதும் சும்மா நின்றுவிட்டு இரவில் செருகப்பட்டிருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

பகலில் மிஞ்சுகிறது, இரவில் தட்டுப்படுகிறது. மிஞ்சும் நேரத்தில் குடிக்கக்கூடிய ஒரு பெரிய பாத்திரம் வாசலிலேயே நிற்கிறது. அதை ஏன் இரவுக்குத் தள்ளிப்போட வேண்டும்?

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உம்மாவின் பாடசாலை ஒன்றரைக்கு விடும். இரண்டேகால் மணிக்கு வீட்டுக்கு வந்ததும், அபாயாவைக் கழற்றுவதற்கு முன்பே காரைச் செருகிவிடுகிறார். நாற்பது கிலோமீற்றர் ஓடிய காருக்கு 7 அலகு போதும். சுவரில் இருக்கும் 13 அம்பியர் செருகியில், பத்து அம்பியர் எடுக்கும் சாதாரண சார்ஜர் மணிக்கு ஏறத்தாழ 2.3 அலகு கொடுக்கும். மூன்று மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். நாலரைக்குப் பிறகு வெயில் சரிவதால் கடைசிப் பகுதி தெருக் கம்பியிலிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்காக வார நாட்களில் ஓரளவுக்கு நிறுத்திவிட்டு, சனி, ஞாயிறு முற்பகலில் நிரப்பிக்கொள்கிறோம்.

இங்கே ஒரு விடயம் பலருக்குத் தெரியாது. வேகமாகச் சார்ஜ் செய்யும் 7 கிலோவாட் பெட்டி வீட்டில் இருப்பதுதான் பெருமை என்று நினைக்கிறார்கள். 5 கிலோவாட் கூரை, நல்ல நண்பகலிலும் 7 கிலோவாட் தராது. மீதி தெருவிலிருந்துதான் வரும். சோலாருக்குப் பொருத்தமானது மெதுவான சார்ஜ்தான். ஆனால் மெதுவானது என்பதற்காக அலட்சியம் கூடாது. மூன்று மணித்தியாலம் இடைவிடாமல் பத்து அம்பியர் இழுப்பது சின்ன வேலையல்ல. மெல்லிய நீட்டு வயரில் செருகினால் வயர் சூடேறி உருகும். காருக்கென்று தனி வயர், சரியான எர்த், ஒழுங்காக வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச், இந்த மூன்றும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

அடுத்தது பெட்டரி. பெப்ரவரிக்குப் பிறகு உம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்து முன்னால் வைத்தார். காப்பு வாங்கவென்று இரண்டு வருடம் கட்டிய சீட்டு அது. “காப்பு கையில கிடக்கும், மூச்சு நெஞ்சில கிடக்கணுமே” என்றார். அதில் 5 அலகு கொள்ளும் ஒரு லித்தியம் பெட்டரி வாங்கினோம். பழைய இன்வர்ட்டர் பெட்டரியோடு சேராது என்று அப்போதுதான் தெரிந்தது. அதையும் மாற்ற வேண்டி வந்ததால் வாப்பாவின் சேமிப்பும் கரைந்தது. தொடக்கத்திலேயே பெட்டரி சேர்க்கக்கூடிய இன்வர்ட்டரைக் கேட்டிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். சோலார் போட யோசிக்கும் பெற்றோர் எங்கள் பிழையிலிருந்து இதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டரி வந்ததும் வாப்பா கேட்ட முதல் கேள்வி, “இனி இரவுல இதிலிருந்து காருக்குப் போடலாமா?” என்பதுதான். கூடாது என்றேன். காருக்கு ஒரு நாளைக்கே 7 அலகு வேண்டும். பெட்டரியில் இருப்பது 5. கிண்ணத்தால் மொண்டு குளத்தை நிரப்புவது போன்ற வேலை. அதோடு ஒரு பெட்டரியில் ஏற்றி இறக்கும்போது பத்தில் ஒரு பங்களவு வெப்பமாகப் போய்விடும். அங்கிருந்து இன்னொரு பெட்டரிக்குள் ஏற்றினால் மறுபடியும் இழப்பு. வெயிலை நேராகக் காருக்குக் கொடுக்க முடிந்திருக்க, ஏன் இரண்டு கை மாற்ற வேண்டும்?

வீட்டுக்கோ அதே 5 அலகு தாராளம். எங்கள் வீட்டில் ஆறரை முதல் பத்தரை வரை இரண்டரை அலகுக்கு மேல் போவதில்லை. அதைப் பெட்டரி தாங்குகிறது. உச்ச நேரத்தில் நாங்கள் தெருக் கம்பியைத் தொடுவதேயில்லை. மிச்சத்தை மின்வெட்டுக்கென்று வைத்திருக்கிறோம். விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, உம்மம்மாவின் நெபுலைசர் ஆகியவை மட்டும் அந்தத் தனிச் சுற்றில் இருக்கின்றன. தண்ணீர் மோட்டாரும் அயனும் காரும் அதில் இல்லை. காருக்கு வேறொரு சட்டம் போட்டிருக்கிறோம். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. 2022இல் பெற்றோல் டாங்கி பற்றி எல்லோரும் கற்ற பாடம்தான், அதைக் காருக்கு மாற்றினோம்.

என் கருத்துக்கு மறுப்புகள் உண்டு என்பது தெரியும். “காலையில் போய் மாலையில் வருபவர் என்ன செய்வார்?” என்பது முதலாவது. நியாயமான கேள்வி. எல்லோருடைய காரும் பகலில் வீட்டில் நிற்பதில்லை. இரவில்தான் முடியும் என்றால் பத்தரைக்குப் பிறகு தொடங்கும்படி நேரம் வைத்துவிட்டுத் தூங்கலாம். பெரும்பாலான மின்சாரக் கார்களில் அந்த வசதி இருக்கிறது. பத்தரை முதல் காலை ஐந்தரை வரை நாட்டின் தேவை குறைந்த நேரம். நேரத்துக்கேற்ற கட்டண முறையில் அப்போது அலகின் விலையும் குறைவு. வீட்டுக்கு வந்த கையோடு ஏழு மணிக்குச் செருகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் சுடும். “சோலாரும் காரும் பெட்டரியும் வசதியானவர் விளையாட்டு. கூரைத் தகரமே ஒழுகுகிறவருக்கு இதில் என்ன?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நான் அவளோடு வாதாடவில்லை. ஏனென்றால் என் வாதமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. உச்ச நேரத்தில் எரியும் எண்ணெயின் செலவு யாருடைய தலையில் விழுகிறது? மின்சாரம் வாங்கும் எல்லோர் தலையிலும். மாதம் 60 அலகுக்குள் சிக்கனமாக வாழும் ஒரு விதவைத் தாயின் பில்லிலும் அதன் பங்கு இருக்கிறது. என் பில் பூச்சியம் என்று நான் மகிழும்போது, அந்தப் பூச்சியத்தை இன்னொருவர் சுமக்கிறாரா என்று கேட்பது என் கடமை. கூரை உள்ளவர் கூரை இல்லாதவருக்குச் செய்யக்கூடிய சிறிய உபகாரம், உச்ச நேரத்தில் ஒதுங்கி நிற்பதுதான்.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். காலை ஏழே கால் முதல் ஒன்றரை வரை ஆசிரியைகளின் வாகனங்கள் நம் வளவில் நிற்கின்றன. வெயில் மிகுந்த மணித்தியாலங்கள் அவை. நம் கட்டடங்களின் கூரைகள் அகலமானவை. இரண்டு மூன்று வாகனங்களுக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் செருகிகளை, பாவித்த அலகுக்குப் பணம் அறவிடும் முறையில், வைத்தால் என்ன? அலுவலகங்களும் பெரிய கடைகளும் இதைச் செய்யலாம். வீட்டுக் கூரையால் முடியாததைப் பகலில் வாகனம் நிற்கும் இடத்தின் கூரை செய்யும். பழைய மாணவியர் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இதை ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மாணவியருக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் காரை ஓட்டுபவர் உம்மா. சார்ஜ் போடுபவர் உம்மா. இருந்தும் சோலார் பொருத்த வந்தவர் விளக்கங்களை எல்லாம் வாப்பாவுக்கே சொன்னார். உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மின்வெட்டில் இது வேலை செய்யுமா என்ற கேள்வியை உம்மா கேட்டிருப்பார். ஏனெனில் நெபுலைசரை இயக்குபவரும் அவர்தான். இரண்டாவது முறை, பெட்டரி போட வந்தபோது, உம்மாவும் நானும் பக்கத்திலேயே நின்றோம். எத்தனை அலகு கொள்ளும், ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் தாங்கும், எந்தெந்தச் செருகிகள் மின்வெட்டிலும் இயங்கும், காற்றோட்டமுள்ள நிழலில் எங்கே வைப்பது, உத்தரவாதம் எத்தனை வருடம் என்று தாளில் எழுதி வைத்துக் கேட்டோம். வந்தவர் முதலில் வாப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். மூன்றாவது கேள்விக்குப் பிறகு எங்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் எங்கே இருக்கிறது, மின்மானி என்ன காட்டுகிறது என்பதை இன்றைக்கே போய்ப் பாருங்கள். பரீட்சைக்காக மட்டும் படிக்கும் விடயமல்ல அது.

எங்கள் உம்மம்மாவின் வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். நான் பெட்டரிக் கணக்கை வாப்பாவோடு வாதாடிக்கொண்டிருந்த ஒரு மாலை, கட்டிலில் இருந்து உம்மம்மா குரல் கொடுத்தார். “வெயில் கிடக்கக்குள்ள உப்ப அள்ளணும் மகள். வீட்டுக்கு வேண்டியத மூட்டையில கட்டி வைக்கணும். மழ வந்த பொறகு பாத்தியப் பாத்து அழுது என்ன பயன்?”

வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பிற்பகல் கடையிலிருந்து அழைப்பெடுத்து, “உம்மா வந்துட்டாவா? காரச் செருகியாச்சா?” என்று கேட்டார். அப்போது மணி இரண்டு இருபது.